நாற்காலியை எங்கே போட்டார்கள்?

பத்து நிமிடம் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் பத்து நிமிடத்தில் முடிக்கிறவள் இல்லை என்பது என்னோடு வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் அது அவர்கள் பாடு. விசிறிக்குக் கீழே இடம் பிடித்தவர்கள் நிம்மதியாக உட்காருங்கள். மற்றவர்கள் சன்னல் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். யாரும் கொட்டாவியை அடக்க வேண்டாம், எனக்கு அதெல்லாம் பழக்கம்தான்.

நீங்கள் எல்லாரும் வீட்டு உதவித் திட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கிற ஆய்வாளர்கள். வசதி குறைந்த குடும்பங்களின் தகரக் கூரை வீடுகளில் வெக்கையைக் குறைக்கவும், மின்சாரமும் அடுப்புக்கரியும் குறைவாகச் செலவாகவும் நகராட்சி உதவி கொடுக்கிறது. அந்த உதவி போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தது பலன் தந்ததா என்று வீடு வீடாகப் பார்ப்பது உங்கள் வேலை. திட்டம் தொடங்கிய நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை நானும் அந்த வேலையைத்தான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, ஆகவே அதை எதிர்பார்க்காதீர்கள். தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற வட்டாரங்களுக்கு உங்களைத்தான் அனுப்பப் போகிறார்களாம். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. பரவாயில்லை. இந்த வேலைக்குக் காதை விடக் கண்தான் முக்கியம். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

திட்டம் வந்த புதிதில் ஜனங்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். ரங்கூன் லான்மடாவில் சாமான் கடை வைத்திருந்த ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

“கரண்டே வரல. வராத கரண்ட மிச்சம் பிடிக்க ஒரு ஆபீஸா? அதுக்கு நாற்காலி மேசை எல்லாம் வேற போட்டு வச்சிருக்கீங்களாக்கும்?”

“கரண்ட் இருக்கறவனுக்கு விசிறி போதும் அண்ணே. இல்லாதவனுக்குத்தான் வீடு ஒழுங்கா இருக்கணும்” என்றேன்.

நான் சொன்னது ஏதோ பதிலுக்குப் பதில் இல்லை. நம் ரங்கூனில் எப்போது கரண்ட் வரும், எப்போது போகும் என்பது யார் கையிலும் இல்லை. விசிறி நின்றுபோன வீட்டுக்குள் மனுஷன் இருக்க முடிகிறதா என்பதுதான் நம் திட்டத்துக்கு இருக்கிற ஒரே பரீட்சை. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

தின்கன்ஜூனில் பஸ் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு சந்து வரும். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள், தலைக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே தகரம். நம்மவர்களும் பர்மியர்களும் கலந்து இருக்கிற இடம். கடைசி வீடு பாக்கியம் அக்காவுடையது. அவர் பெப்யோ விற்பவர். அதுதான், காலையில் ரொட்டியோடும் சோற்றோடும் நாம் சாப்பிடுகிற அவித்த பயறு. விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிப் பெரிய பானையில் அவித்து, தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வருவார்.

அவர் வீட்டுக்காரர் சுப்பையா அண்ணன், கியாக்தானுக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அந்த வழியில் அவர் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. படிக்கட்டில் ஒரு கால், வெளியே ஒரு கால். “உள்ள போ, உள்ள போ, எடம் இருக்கு!” என்று பர்மா பாஷையில் ஒரு தடவை, நம்மவர்களுக்காகத் தமிழில் ஒரு தடவை கத்துவார். மூச்சு விட இடமில்லாத பஸ்ஸில் அவர் இடம் இருக்கிறது என்று சொன்னால், எப்படியோ இன்னும் நாலு பேர் ஏறிவிடுவார்கள். நானே அப்படி ஏறியிருக்கிறேன், யாருடைய மீன் கூடையிலோ காலை வைத்துக்கொண்டு.

அந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, குரலும் போய்விட்டது. கேட்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான். தகரத்துக்கு நேர் கீழே கட்டிலில் கிடப்பார். திட்டம் வருவதற்கு முந்தின வெயில் காலத்தில் உடம்பு அனலாகக் கொதித்து நினைவு தப்பி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டியதாயிற்று. பிழைத்து வந்தார். ஆனால் டாக்டர் பாக்கியம் அக்காவைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படிச் சூடு ஏறினால் இவர் தாங்க மாட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா அதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. “இந்த தகரம் அவர கொண்டு போயிரும் சயாமா” என்று மட்டும் சொன்னார். சயாமா என்றால் டீச்சரம்மா, ஆண் என்றால் சயா. ஆபீசில் இருந்த எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதைக் கேட்டு அந்தச் சந்திலும் நான் சயாமாதான்.

எந்த வரிசையை முதலில் எடுப்பது என்று ஆபீசில் பேச்சு வந்தபோது, அந்த வரிசை என்று நான் அடம் பிடித்தேன். என் மேலதிகாரி ஊ ஸோ நல்ல மனிதர்தான், சண்டை என்றால் மட்டும் ஒதுங்கிக்கொள்வார். நான் குரலை உயர்த்தியதும் சரி என்றுவிட்டார். குளிர் காலம் முடிவதற்குள் வேலை நடந்தது. சவரி மேஸ்திரி தன் ஆட்களோடு வந்து, தகரத்துக்கு அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளை வைத்து வீட்டுக்கு வீடு சீலிங் அடித்தார். மழைச்சாரலும் எலியும் குருவியும் வராதபடி சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த சந்துகளையெல்லாம் அடைத்துப் பூசினார். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. பாக்கியம் அக்கா மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் உட்கார வைத்துச் சோறு போட்டார்.

பிறகு பங்குனி வந்தது. திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் நகராட்சியின் பெரிய அதிகாரி ஒருவர் வந்து அந்த வரிசையைப் பார்ப்பதாக ஏற்பாடாயிற்று. அவர் பார்த்துத் தலையாட்டினால் மறுநாளே அடுத்த வரிசைகளுக்குச் சாமான் இறங்கும். அவர் முகம் சுளித்தால் திட்டமே படுத்துவிடும். அதனால் முதல் நாள் நான் போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

போனேன். உச்சி வெயில். கரண்ட் இல்லை.

முதல் வீடு டா ந்யூன் என்கிற பர்மிய அம்மாவுடையது. என்னைக் கண்டதும் ஓடி வந்து, நாற்காலியை எடுத்து வாசல் நிழலில் போட்டு, கையில் பனையோலை விசிறியையும் கொடுத்தார்.

“சீலிங் எப்படி இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு சயாமா. ரொம்பக் குளிர்ச்சி.”

அடுத்த வீடு நம்மவர்கள் வீடு. மாமியாரும் மருமகளும் போட்டி போட்டுக்கொண்டு நாற்காலி எடுத்து வந்தார்கள். அதுவும் வாசலில். சீலிங் ரொம்ப நல்லா இருக்கிறதாம். நகராட்சிக்குக் கோடி புண்ணியமாம். மூன்றாவது வீட்டில் நாற்காலி இல்லை, முக்காலிதான், அதுவும் வாசலில்தான். அங்கேயும் குளிர்ச்சிக்குக் குறைவில்லை.

அந்த முக்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உங்கள் பயிற்சியில் முதல் கேள்வியாக என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? ‘உதவி பெற்றவர் திருப்தியாக இருக்கிறாரா?’ அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் நீங்கள்? ஆனாடே என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? எதிரில் இருப்பவர் மனம் சங்கடப்பட்டுவிடுமே என்று கூசி, வேண்டாம் என்றாலும் வேண்டும் என்பது, பிடிக்காவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்பது. இது பர்மியர்களுக்கு மட்டும் உள்ள குணம் என்று நினைக்காதீர்கள். நாம் இங்கே தலைமுறை தலைமுறையாக இந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள். நம் சாம்பாரில் பெருங்காயம் இல்லாமல் இருக்கும், பேச்சில் ஆனாடே இல்லாமல் இருக்காது. சும்மா கிடைத்த ஒன்றைப் பற்றி, அதைக் கொடுத்த ஆபீசிலிருந்தே வந்து நிற்கிறவளிடம், குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? கேட்கிறவளுக்கு வெட்கம் வேண்டாமா?

ஆனால் அதே ஆனாடேக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவரை வாசலில் உட்கார வைத்து அனுப்புவது நம் பழக்கமே இல்லை. ஆபீஸ் ஆள் என்றால் கேட்கவே வேண்டாம், உள்ளே கூட்டிப்போய், இருப்பதில் நல்ல இடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்திலோ புத்தர் மாடத்துக்கு எதிரிலோதான் உட்கார வைப்பார்கள். முன்பு தகரம் பழுக்கக் காய்ந்த நாட்களில்கூட அதே வீடுகளில் என்னை உள்ளேதான் உட்கார வைத்தார்கள். இப்போது சொல்லி வைத்தாற்போல் எல்லாரும் வாசலில் நாற்காலி போடுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? வாய் என் மனம் கோணக் கூடாதென்று பொய் சொல்லுகிறது. கை என் உடம்பு வேகக் கூடாதென்று நாற்காலியை வெளியே போடுகிறது.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். வெப்பமானி வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். காதில் விழுந்தது தம்பி. ஆபீசுக்கு ஒரே ஒரு வெப்பமானிதான் இருந்தது. தொலைந்துவிடும் என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, பத்திரமாக வைத்திருந்தார்கள். அலமாரிக்குள் எவ்வளவு சூடு என்று வேண்டுமானால் துல்லியமாகச் சொல்லியிருப்பேன்.

முக்காலியிலிருந்து எழுந்து நேரே கடைசி வீட்டுக்கு நடந்தேன். பாக்கியம் அக்கா நாற்காலியோடு வாசலிலேயே நின்றார்.

“உக்காருங்க சயாமா. லபேயே போடட்டுமா?” என்றார். லபேயே என்றால் பால் ஊற்றிய தேநீர், அக்கா போட்டால் அதில் கரண்டி நிற்கும்.

“அண்ணனைப் பாத்துட்டு வந்து குடிக்கிறேன்.”

“அவரு தூங்குறாரு.”

“தூங்கட்டும். எழுப்ப மாட்டேன்.”

அக்கா நகரவில்லை. நான் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். பானை மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி அடித்தது. அடுப்பு அணைந்து எவ்வளவோ நேரமாகியும் பயறு அவித்த ஆவி வீட்டை விட்டுப் போகாமல் நின்றது. கட்டில் காலியாக இருந்தது. பின்புறம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, பாத்திரம் துலக்குகிற ஈரச் சிமெண்டுத் தரையில் சுப்பையா அண்ணனைப் படுக்க வைத்து, நனைத்த லுங்கியை மேலே போர்த்தியிருந்தார்கள். கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

“ஏன்க்கா என்கிட்ட சொல்லல?”

“என்னன்னு சொல்றது? சும்மா குடுத்தாங்க. இவ்வளவு செலவு பண்ணி, மேஸ்திரி கழுத்து வலிக்க வலிக்க அடிச்சிக் குடுத்தாரு. அதப் போயி சரியில்லன்னு சொல்லுவாங்களா? எங்க வீட்டுக்காகத்தான் நீங்க ஆபீசுல சண்ட போட்டீங்கன்னு வேற எல்லாரும் சொல்றாங்க.”

“அண்ணனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

அதற்குத்தான் அக்கா உடைந்தார். “நான் ஒருத்தி வாயத் தொறந்து அடுத்த லைனுக்கு வர்றது நின்னுபோச்சுன்னா, அந்த சனங்க மொகத்துல நான் எப்படி முழிப்பேன் சயாமா? வெயில் போற வரைக்கும் தண்ணிய ஊத்தி ஊத்தி பாத்துக்கிடலாம்னு இருந்தேன்” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆக, புருஷன் உயிரை ஒரு பக்கமும் அடுத்தவர்களுக்கு வரப்போகிற உதவியை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, அந்த மனுஷி தனியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நான் வாசலில் உட்கார்ந்து லபேயே குடித்துவிட்டுத் திரும்பியிருந்தால், நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போயிருப்பேன்.

என்ன தப்பு நடந்தது என்பது பெரிய ரகசியம் இல்லை. முன்பு அடுப்புச் சூடும் மனுஷச் சூடும் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த சந்து வழியாக ஏதோ கொஞ்சம் வெளியே போய்க்கொண்டிருந்தது. இப்போது மேலே சீலிங், ஓரமெல்லாம் பூச்சு, போக வழி இல்லை. நுட்பமெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லுவார்கள். எனக்கு அன்றைக்கு வேண்டியது அடுத்து என்ன செய்வது என்கிற ஒரே முடிவு.

ஊ ஸோவுக்குப் போன் போட்டேன். சீலிங்கில் வழி வெட்ட வேண்டும், கூரைக்கு அடியில் இருக்கிற முக்கோணச் சுவரிலும் வெட்ட வேண்டும், இன்றைக்கே, என்று சொன்னேன்.

“நாளைக்குப் பெரியவர் வருகிறார். புதுச் சீலிங்கில் ஓட்டை இருந்தால் என்ன நினைப்பார்? அவர் வந்துவிட்டுப் போகட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம்” என்றார். பர்மா பாஷையில் அதைச் சொல்லும்போது இன்னும் பணிவாக இருந்தது.

“அவர் வந்து தலையாட்டிவிட்டுப் போனால், அடுத்த வரிசைக்கும் இதே மாதிரி அடைத்துத்தான் அடிப்பார்கள். அங்கேயும் எத்தனை பேர் ஈரத் தரையில் படுப்பார்கள் சயா?”

“கொஞ்சம் யோசித்து...”

“யோசித்துவிட்டேன். வெட்டப் போகிறேன். நாளைக்கு யார் கேட்டாலும் தனம் வெட்டினாள் என்று சொல்லுங்கள். உங்கள் பேச்சைக் கேட்கவே இல்லை என்று சொல்லுங்கள்.”

நெருக்கடியில் மேலிடத்தோடு பேசும்போது, உங்களுக்காக அவரைப் பொய் சொல்ல வைக்காதீர்கள், பழியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளியும் உங்கள் வழியில் நிற்க மாட்டார். அவர் பெருமூச்சு விட்டு போனை வைத்தார்.

ஆனால் ஊ ஸோவைச் சம்மதிக்க வைத்தது பெரிதில்லை. சவரி மேஸ்திரி இருக்கிறாரே, அவர்தான் மலை. நாளைய வருகைக்காகச் சந்து முனையில் பெயின்ட் தொட்டுக்கொண்டிருந்தவரைக் கூட்டி வந்து விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்ன தனம் பேசுற? நான் அடிச்ச சீலிங்ல ஓட்ட போடணுமா? போயி பாரு, எங்கயாவது ஒரு விரல் நுழையுமா? எலி நுழையாது.”

“எலி நுழையாதது சரிண்ணே. காத்து?”

“அந்த வீட்டுக்காரங்க கேட்டாங்களா? எல்லாரும் நல்லா இருக்குன்னுதான சொல்றாங்க?”

அவரோடு வாதாடினால் மழைக்காலம் வந்துவிடும் என்று தெரிந்துபோயிற்று. “சரிண்ணே, வாங்க, அக்கா லபேயே போட்டிருக்காங்க. ஒரு கப் குடிச்சிட்டுப் பேசலாம்” என்றேன். பாக்கியம் அக்கா வழக்கம்போல நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டார். நான் அதை எடுத்து உள்ளே, கட்டிலுக்குப் பக்கத்தில், நடு வீட்டில் போட்டேன்.

“இங்கயே வாசல்ல உக்காரேன் தனம்.”

“அதெப்படிண்ணே? நீங்க செஞ்ச சீலிங், நீங்களே அடியில உக்காந்து பாக்க வேணாமா?”

மறுக்க முடியுமா? உட்கார்ந்தார். அக்கா கொதிக்கக் கொதிக்க லபேயே கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். விசிறியை எடுக்கப் போனார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். மேஸ்திரி முதல் வாய் குடித்து, நல்லா இருக்கு என்றார். இரண்டாவது வாய்க்குக் கழுத்தைத் துடைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தலையைத் தூக்கித் தான் அடித்த சீலிங்கை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை பார்த்தார். பின்பக்கம் திரும்பினால் ஈரத் தரையில் சுப்பையா அண்ணன். அவர் பஸ்ஸில் இவரும் போனவர்தானே. கப்பில் பாதி மீதி இருக்கும்போதே கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“ரம்பம் எடுத்துட்டு வரேன்” என்றார்.

தன் வேலையில் தானே ரம்பம் வைக்கிறவனிடம் நாம் வாயை மூடிக்கொண்டு ஏணியைப் பிடிக்க வேண்டும். நான் பிடித்தேன்.

சீலிங்கின் நடுவில் ஒரு வழியும் முக்கோணச் சுவரில் ஒரு வழியும் வெட்டி, கம்பி வலை வைத்து, சாரல் அடிக்காமல் மேலே ஒரு சாய்ப்பு கொடுத்தார். முடித்ததும் கட்டிலில் உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பற்ற வைத்தார். எல்லாரும் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது கொஞ்சம் தயங்கியது. பிறகு சாய்ந்தது. சாய்ந்து, நேரே மேலே வலை வழியாகப் போயிற்று. மேஸ்திரி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், அதுவும் ஏதோ முதலிலிருந்தே தன்னுடைய யோசனைதான் என்கிற மாதிரி. சிரித்துவிட்டுப் போகட்டும்.

அதற்குள் வரிசை முழுக்க வாசலில் கூடிவிட்டது. ஒருவர் வாய் திறந்ததும் மற்றவர்களின் ஆனாடேயும் பறந்துபோயிற்று. ரொம்பக் குளிர்ச்சி என்று சொன்ன டா ந்யூன், தன் வீட்டுப் பூனைகூட உள்ளே வருவதில்லை என்றார். கோடி புண்ணியம் சொன்ன மாமியார், பங்குனி பிறந்ததிலிருந்து தான் வாசலில்தான் படுப்பதாகச் சொன்னார். “எங்க வீட்டுக்கும் அப்படியே வெட்டிருங்க மேஸ்திரி” என்று ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். இருட்டுவதற்குள் ஒரு வீடு விடாமல் வெட்டி முடித்தார்கள். சுப்பையா அண்ணனைத் தூக்கித் துடைத்துக் கட்டிலில் விட்டோம். அவர் அந்த வலை வழியாகத் தெரிந்த இத்தனூண்டு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் வந்தது. ஊ ஸோ விடியும்போதே வந்து, சந்தில் பந்தல் போட்டு, ரோஜா நிறத் துணி கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக வைத்துவிட்டார். என்னைத் தனியே கூப்பிட்டார்.

“எல்லாம் பந்தலிலேயே முடிந்துவிடட்டும். உள்ளே கூட்டிப் போக வேண்டாம். அண்ணாந்து பார்த்தால் ஓட்டை தெரியும்.”

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பாக்கியம் அக்காவிடமும் எதுவும் சொல்லவில்லை. உள்ளே கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான் சொல்லி அவர் கூப்பிட்டால் அதுவும் இன்னொரு ஆனாடேதான். சந்துச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன். என் வேலை வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்ததே அந்த ஒரு தடவைதான் என்று ஊ ஸோ பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பெரிய அதிகாரி வந்தார். கூடவே ஒரு கூட்டம். பந்தலில் அவருக்கென்று போட்ட நாற்காலியை ஊ ஸோ கையால் துடைத்துக் காட்டினார். அந்த நேரம் பாக்கியம் அக்கா கன்னத்தில் தனாக்காச் சாந்து பூசி, நல்ல ரவிக்கை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பெரியவரைக் கும்பிட்டார். பந்தலைப் பார்க்கவே இல்லை.

“வெளிய வெயிலா இருக்கு சயாஜி. உள்ள வந்து உக்காருங்க” என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. எத்தனையோ பாராட்டுத் தாள்கள் கொடுத்திருக்கிறார்கள், எதுவும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது.

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நடு வீட்டில், முந்தின நாள் மேஸ்திரி உட்கார்ந்த அதே இடத்தில், நாற்காலி. கூட வந்தவர்களும் அக்கம்பக்கத்தாரும் முடிந்த மட்டும் உள்ளே நெருக்கிக்கொண்டார்கள். கட்டிலில் சுப்பையா அண்ணன் சுத்தமான லுங்கியோடு படுத்திருந்தார். மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஊ ஸோ பெரியவர் அண்ணாந்து பார்த்துவிடாமல் எதையோ விளக்கிக்கொண்டே இருந்தார்.

கரண்ட் போயிற்று.

விசிறி மெல்ல நின்றது. தகரத்துக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு விசிறி நின்றால் கால் தானாக வாசலைப் பார்க்கும், அது நம் எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம். பெரியவர் கையை ஊன்றி எழுந்தார். கூட வந்தவர்கள் திரும்பினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்து நகர்ந்தார்கள், ஊ ஸோவும்தான்.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கரகரவென்று, பாதி வாயால், இழுத்து இழுத்து வந்த சத்தம். ஆனால் ரங்கூனில் பஸ் ஏறின யாருக்கும் புரியாமல் போகாத சத்தம்.

“உள்ள... போ. உள்ள போ... எடம் இருக்கு.”

முதலில் பர்மா பாஷையில். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, தமிழில் ஒரு தடவை.

வாசலில் நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். டா ந்யூன்தான் முதலில் சிரித்தார், பிறகு வீடே சிரித்தது. பெரியவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பாக்கியம் அக்கா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுகையால் அவருக்கு லபேயே ஊற்றினார். கரண்ட் திரும்பி வருவதற்குள் அவர் அதைக் குடித்து முடித்து, இன்னொரு கப்பும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுத்த வரிசைகளுக்கெல்லாம் வழி விட்டுத்தான் சீலிங் அடித்தோம். சுப்பையா அண்ணன் அந்த வெயில் காலம் முழுக்க அதே கட்டிலில் கிடந்தார், ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே இல்லை. அதற்கு அடுத்த வெயில் காலமும் போகவில்லை. நான் இப்போது வேலையில் இல்லை, யாரையும் திருப்தியா என்று கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இருந்தாலும் தின்கன்ஜூன் பக்கம் போனால் அந்தச் சந்துக்குள் ஒரு எட்டு நுழைவேன். என்னைத் தூரத்தில் கண்டதுமே பாக்கியம் அக்கா வாசலில் கிடக்கிற நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்.